பாக்கியத்துக்கு மிஞ்சின ஒரு வார்த்தை

இல்ல சார், நீங்க உக்காருங்க. எழுந்திரிக்காதீங்க. வயசானவன் நிக்கறானேன்னு எடம் கொடுக்கறீங்க, நல்ல மனசு, ஆனா எனக்கு நிக்கறதுதான் சௌகரியம். பாருங்க, மேல கம்பியைப் பிடிச்சிருக்கேனா? இல்லைல்ல? சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறினேன், காவேரிப் பாலம் தாண்டியாச்சு, இன்னும் கையைத் தூக்கல. முப்பத்து மூணு வருஷம் கண்டக்டர் சார் நான். கவர்மெண்ட் வண்டி. ஒரு கையில டிக்கெட்டுக் கட்டு, ஒரு கையில பேனா, வாயில விசில். கம்பியைப் பிடிக்க மூணாவது கைக்கு எங்க போறது? நல்லுசாமி வண்டியில நின்னா ஆணி அடிச்ச மாதிரி நிப்பான்னு டிரைவருங்க சொல்லுவாங்க. ஆமா, நல்லுசாமிங்கறது நான்தான்.

ஆனா வண்டி ஓடுற வரைக்கும்தான். நின்னுதுன்னா எனக்கு ஆட்டம் கொடுத்துரும். கெட்டித் தரையில கால் வெச்சா உடம்பு ஒரு பக்கமா போகுது. சிரிக்காதீங்க சார், நெசமாத்தான் சொல்றேன். ஓடுற வண்டியில நின்னவன் ஓடாத தரையில விழறான்னா கேக்கறவன் சிரிக்கத்தான் செய்வான்.

மடியில என்ன, பேப்பர் கட்டா? வாத்தியாரா? என்ன பாடம்? தமிழா! அட, நல்லதாப் போச்சு போங்க. நான் வாத்தலையில எறங்கணும். அதுக்குள்ள உங்ககிட்ட ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கணும். பெரிய வார்த்தையெல்லாம் இல்ல, ரெண்டே எழுத்து. இருங்க, இப்பவே கேட்டா டக்குன்னு சொல்லிடுவீங்க. முழுசையும் கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் சம்சாரம் பேரு தனபாக்கியம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு காலையில தோசை ஊத்திக்கிட்டு இருந்தவ, கரண்டியோட அப்படியே கீழ உக்காந்துட்டா. வலது பக்கம் விழுந்துருச்சு. கை, கால், பேச்சு, எல்லாம். பேச்சு எல்லாம்னா, ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சிச்சு. அதான் 'விடு'.

சாப்பிட்டியா பாக்கியம்? விடு. வலிக்குதா? விடு. ஃபேனைப் போடவா? விடு. டாக்டர் சொன்னார், சில பேருக்கு அப்படித்தான், ஒரு வார்த்தை மாட்டிக்கிட்டு நிக்கும், அதுக்கு அர்த்தம் தேடாதீங்கன்னு. அவருக்கு என்ன தெரியும்? நாப்பத்திரெண்டு வருஷம் அவகூடக் குடும்பம் நடத்தினவன் நான். அது அவளோட வார்த்தை சார். நான் எதுக்காவது குதிச்சேன்னு வெச்சுக்கங்க, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை இந்தப் பக்கம் திருப்பினான்னு, செக்கிங் இன்ஸ்பெக்டர் போஸ்ட்டு என்னை விட்டுட்டு எவனுக்கோ போயிருச்சுன்னு, பாக்கியம் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவா. 'விடுங்க.' அவ்வளவுதான். போகட்டும், பெருசு பண்ணாதீங்கன்னு அர்த்தம். இப்ப 'ங்க' போயிருச்சு. நாப்பத்திரெண்டு வருஷம் ங்க போட்டவ, கடைசியில என்னை 'விடு'ன்னுட்டா! நான் சிரிச்சேன் சார். உண்மையைச் சொல்லணும்னா, அது எனக்குக் கொஞ்சம் பிடிச்சுக்கூட இருந்துச்சு.

பையன் ஒருத்தன், சுதாகர்னு. ஓசூர்ல கம்பெனி வேலை. அம்மாவைப் பாத்துக்க ஆள் வெச்சான். ஒண்ணு இல்ல, ரெண்டு பொம்பளைங்க, ஒருத்திக்குப் பின்னாடி ஒருத்தி. ரெண்டு பேரையும் நான்தான் நிறுத்திட்டேன். பின்ன என்ன சார்? தூக்கறப்ப போன்ல பேசிக்கிட்டே தூக்கறா. என் பொண்டாட்டியைத் தூக்கறதுக்கு இன்னொருத்தி எதுக்கு? கைய எதுக்கு வெச்சிருக்கேன்? காலையில கட்டில்ல இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில இருந்து பாத்ரூமுக்கு, திரும்ப நாற்காலி, திரும்பக் கட்டில். எல்லாம் நான்தான். ரெண்டு புஜத்தையும் நல்லா இறுக்கிப் பிடிச்சு, ஒரு தூக்கு. அவளும் ஒவ்வொரு தடவையும் 'விடு, விடு'ம்பா. சிரமப்படாதீங்க, விடுங்கன்னு அர்த்தம். இந்த நிலைமையிலயும் என் சிரமத்தைப் பாக்கறா பாருங்கன்னு நெனச்சுக்குவேன். நான் இன்னும் இறுக்கிப் பிடிப்பேன்.

புஜத்துல நீலமா கன்னிப்போயிருக்கும், அஞ்சு விரலும் தெரியும். அது வேற ஒண்ணுமில்ல, ரத்தம் மெலிசாகறதுக்கு மாத்திரை கொடுக்கறாங்கல்ல, தொட்டாலே கன்னும்.

இந்தத் தள்ளாட்டம் எனக்கு அதுக்கப்புறம்தான் வந்துச்சு. பாக்கியம் நடமாடின வரைக்கும் கிடையாது. கடைக்குப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, அவ என் இடது பக்கம் ஒட்டி வருவா, நான் கம்பீரமா நடப்பேன். அவ படுத்தா, எனக்கும் தரை ஆட ஆரம்பிச்சுது. முதல்ல பாத்ரூம்ல விழுந்தேன், தனியா. அதை யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் வாசப்படியில. அதையும் சொல்லல. மூணாவது தடவை சொல்லாம இருக்க முடியல, ஏன்னா அவளைத் தூக்கிக்கிட்டு இருந்தப்ப விழுந்தேன். அவ கீழ, நான் மேல. நெத்தி கட்டில் சட்டத்துல பட்டு நாலு தையல். அவளுக்குத்தான் சார், எனக்கு இல்ல. எனக்கு ஒரு கீறல் கிடையாது. அதுதான் தாங்க முடியல.

சுதாகர் அன்னிக்கே வந்தான். கத்தல. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். மெதுவாச் சொன்னான். "அப்பா, நீங்க ஒத்தக்கால்ல பத்து செகண்டு நிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்றார். உங்களை நம்பி அம்மாவை விட முடியாது. வாத்தலையில ஒரு ஹோம் இருக்கு, விசாரிச்சுட்டேன். புரட்டாசி கழியற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள நீங்க நேரா நின்னு, என் கண்ணு முன்னாடி அம்மாவைத் தூக்கிக் காட்டணும். இல்லேன்னா அம்மாவைக் கொண்டுபோயிருவேன்."

அதுவரைக்கும் காலையில வந்து போக ஒரு ஆளை அவனே வெச்சுட்டுப் போயிட்டான். மூணு மாசம் சார். என் பொண்டாட்டி எங்கிட்ட இருக்கறதுக்கு எனக்கு என் பையன் பரீட்சை வெக்கறான். நீங்க வாத்தியார், பசங்களுக்குப் பரீட்சை வெப்பீங்க. அறுபத்தொம்பது வயசுல எனக்கு வெச்சான் பாருங்க.

டாக்டர் காதைப் பாத்தார், தலையை ஸ்கேன் எடுத்தார். ஒரு குறையும் இல்ல. வயசு, தசை வலு இல்ல, உடம்புக்கு நிதானம் மறந்துபோச்சு, அவ்வளவுதான்னார். உறையூர்ல எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பூங்கா இருக்கு, அங்க சிங்கப்பூர்ல நர்ஸா இருந்துட்டு வந்த ஒரு அம்மா ஏதோ சொல்லித்தருது, தாய்ச்சின்னு, நாளையில இருந்து போங்கன்னார்.

எனக்கு என்ன காதுல விழுந்துச்சு தெரியுமா? தாச்சி. புள்ளத்தாச்சிங்கறோம்ல, அந்தத் தாச்சி! என்னடா இது, புள்ளத்தாச்சிப் பொம்பளைங்களுக்குச் சொல்லித்தர எடத்துக்கு என்னை அனுப்பறாரேன்னு நாலு நாள் போகவே இல்ல. அஞ்சாம் நாள் போயி எட்டி நின்னு பாத்தேன். எல்லாம் பொம்பளைங்க. ஆனா ஒருத்திக்கும் அறுபதுக்குக் கம்மி இல்ல. இதுல யாரு புள்ளத்தாச்சின்னு நான் முழிக்கறேன், அந்த சிஸ்டர் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. ஜெசிந்தா மேரின்னு பேரு. கட்டையா, குட்டையா, குரல் மட்டும் நம்ம விசில் மாதிரி. நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தம்மா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. சீனாக்காரங்க பயிற்சி அங்கிள், சிங்கப்பூர்ல நான் இருந்த பிளாக்குக்குக் கீழ வயசான சீனங்க தெனம் காலையில செய்வாங்க, நானும் பதினெட்டு வருஷம் செஞ்சேன்னுச்சு.

பயிற்சின்னா என்ன? ஒண்ணுமே இல்ல சார். மெதுவா கையைத் தூக்கறது, மெதுவா எறக்கறது. முதல் கால் மணி நேரம் மூச்சு மட்டும். அதுக்கு வேற ஒரு பேரு, ச்சிகுங். அப்புறம் மேகம் போற மாதிரி கையை ஓட்டறது. குதிரையோட பிடரியைத் தடவறது. சேவல் மாதிரி ஒத்தக்கால்ல நிக்கறது. எங்க உறையூர்ல சேவலும் இல்ல குதிரையும் இல்ல, ஆனா காலையில ஆறரை மணிக்கு பதினோரு கிழவிங்களும் நானும் குதிரையைத் தடவிக்கிட்டு நிக்கறோம். கால் மாத்தறப்ப பாரத்தை ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்குத் தண்ணி ஊத்தற மாதிரி ஊத்தணுமாம். நான் கொட்டினேன். தெனம் கொட்டினேன். பக்கத்துல நிக்கற கிழவி மேலேயே சாய்ஞ்சேன், அது ஓரடி தள்ளி நின்னுக்கிச்சு.

ரெண்டாவது வாரம் சிஸ்டர் என்னைச் சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டுச் சொல்லுச்சு. "அங்கிள், உங்க இடது இடுப்பு எதையோ தேடுது."

என்னத்தைத் தேடுதுன்னேன்.

"சீட்டைத் தேடுது. முப்பத்து மூணு வருஷமும் நீங்க சும்மா நிக்கல அங்கிள். சீட்டு முதுகுல இடுப்பை முட்டுக் கொடுத்துத்தான் நின்னிருக்கீங்க. உங்களுக்கே தெரியாது."

எனக்கு வந்துச்சே கோவம்! கண்டக்டர் வேலை என்னன்னு எனக்கா சொல்லித்தர்றீங்கன்னு கேட்டுட்டு வந்துட்டேன். ரெண்டு நாள் போகல. இந்தா, இப்பக்கூடப் பாருங்க, நான் எங்கியாவது சாஞ்சிருக்கேனா? இது? இது சும்மா படுது சார். கூட்டத்துல சீட்டு இடுப்புல படாமயா இருக்கும்?

ஆனா திரும்பப் போனேன். வேற வழி? ஆவணி பொறந்துருச்சு. பாக்கியத்தைக் கொண்டுபோயிருவானே.

அந்த சிஸ்டருக்கும் ஒரே வார்த்தைதான் சார். அதைக் கேட்டீங்கன்னா அசந்துபோவீங்க. "தோளை விடுங்க. தாடையை விடுங்க. மூச்சை விடுங்க. முழங்காலைப் பூட்டாதீங்க, விடுங்க. வயித்தை எக்காதீங்க அங்கிள், விடுங்க." நான் சொன்னேன், சிஸ்டர், வீட்டுலயும் விடு, இங்கயும் விடுங்க, அப்ப எதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கறது? "எதையும் பிடிக்காமத்தான்"ன்னுச்சு. சொல்லிட்டுப் போயிருச்சு. நிதானம் இருக்கறவங்களுக்குச் சுலபம்.

ஒரு நாள் நான் எப்படித் தூக்கறேன்னு பாக்க வீட்டுக்கே வந்துச்சு. தூக்கிக் காட்டினேன். பாக்கியம் வழக்கம்போல 'விடு'ன்னா. சிஸ்டர் அவ புஜத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. நான் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா அவ கையை மெதுவா மடியில வெச்சுது. அப்புறம், "அங்கிள், ஆன்ட்டிக்கு இடது கால்ல பலம் இருக்கு. அவங்களா எழுந்துக்கப் பாக்கறாங்க. நீங்க அதுக்குள்ள தூக்கிடறீங்க. கொஞ்சம் விட்டுப் பாருங்களேன்"ன்னுச்சு. விட்டு, விழுந்துட்டா? நெத்தியில தையல் போட்ட தழும்பு இன்னும் மறையல. நான் முடியாதுன்னுட்டேன்.

அப்புறம் ஒரு பாடம் சொல்லித்தந்துச்சு. தள்ளுற கைன்னு பேரு. பேருதான் அப்படி, தள்ளவே கூடாது. ரெண்டு பேர் எதிர் எதிரா நின்னுக்கிட்டு, என் மணிக்கட்டு மேல உங்க மணிக்கட்டு. ஒட்டியும் ஒட்டாம. நீங்க முன்னால வந்தா நான் எடம் கொடுக்கணும், நீங்க பின்னால போனா நான் கூடவே வரணும். பிடிக்கக் கூடாது. பிடிச்சா தோத்தோம். எனக்கு விரல் தானா மூடிக்கும். ஒவ்வொரு தடவையும் சிஸ்டர் ஒரு சுண்டு சுண்டும், நான் குப்புறப் போவேன். வீட்டுல யாரோடயாவது பழகுங்க அங்கிள்ன்னுச்சு. வீட்டுல யாரு இருக்கா?

பாக்கியத்தோட பழகினேன். அவளுக்கு இடது கை நல்லா இருக்குல்ல. நாற்காலியில உக்கார வெச்சுட்டு, எதிர்ல ஸ்டூலைப் போட்டுக்கிட்டு, என் மணிக்கட்டை நீட்டினேன். என்ன ஏதுன்னு கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் அவ மணிக்கட்டைக் கொண்டாந்து வெச்சா. சும்மா சுத்தினோம் சார், மாவாட்டற மாதிரி. அவ வந்தா நான் போனேன், நான் வந்தா அவ போனா. இருபது நிமிஷம். நடுவுல சிரிச்சா. வாய் ஒரு பக்கமா போகும், ஆனா சிரிப்புதான் அது. விழுந்ததுல இருந்து அதுதான் முதல் சிரிப்பு. நான் அழுதேன், சொல்றதுக்கென்ன. அந்த இருபது நிமிஷமும் அவ ஒரு தடவைகூட 'விடு'ன்னு சொல்லல. உடம்புக்கு ஏதாவது ஆயிருச்சோன்னு பயந்து நெத்தியைத் தொட்டுக்கூடப் பாத்தேன்.

அதுக்கப்புறம் தெனம் சாயங்காலம் செஞ்சோமான்னு கேப்பீங்க. இல்ல. எனக்குப் பரீட்சை இருந்துச்சே சார். இது விளையாட்டு, அது பரீட்சை. செவுத்துல இருந்து ஒரு முழம் தள்ளி நின்னு, கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு, ஒத்தக்கால். மூணு செகண்டு. அஞ்சு. ஒரு வாரம் பூராவும் ஏழு. அவ கட்டில்ல இருந்து பாத்துக்கிட்டே இருப்பா. சில நாள் இடது கையை லேசா நீட்டிக்கிட்டு இருப்பா. தண்ணி வேணுமான்னு கேப்பேன். 'விடு'ம்பா. அப்ப வேணாம்னு அர்த்தம். நான் திரும்ப என் ஒத்தக்கால்ல போயி நின்னுக்குவேன்.

நொச்சியம் வந்துருச்சா? சரி, சுருக்கமா முடிக்கறேன்.

புரட்டாசி கடைசி ஞாயித்துக்கிழமை வந்தான் சுதாகர். சிஸ்டரும் வந்துச்சு, நான்தான் சாட்சிக்கு வரச் சொன்னேன். ஹால் நடுவுல நின்னேன். தோளை விட்டேன், தாடையை விட்டேன், மூச்சை விட்டேன். வலது காலைத் தூக்கினேன். பதினாலு செகண்டு சார்! அவனே போன்ல பாத்துச் சொன்னான். அடுத்தாப்புல பாக்கியம். ரெண்டு புஜத்தையும் பிடிச்சு, முழங்காலை மடக்கி, அவ பாரத்தை என் கால்ல ஊத்திக்கிட்டு, ஒரு ஆட்டம் இல்லாம, ஒரு குலுங்கல் இல்லாம, கட்டில்ல இருந்து நாற்காலி. பூ மாதிரி. சிஸ்டரைப் பாத்தேன், கை தட்டும்னு. தட்டல.

சுதாகர் போனைப் பைக்குள்ள போட்டான். "ஜெயிச்சுட்டீங்கப்பா"ன்னான். எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. அத்தோட போயிருக்கலாம்ல? போகல. அவங்க அம்மா முன்னாடி தரையில உக்காந்தான். "உங்கிட்ட யாருமே கேக்கலியேம்மா. இங்கயே அப்பாகிட்ட இருக்கியா, இல்ல அந்த ஹோம்ல போயி இருந்து பாக்கறியா?"

பாக்கியம் அவனைப் பாக்கல. என்னைப் பாத்தா. "விடு"ன்னா.

நான் உடனே சொன்னேன், பாத்தியாடா, இந்தப் பேச்சை விடுங்கறா. ஹோம் பேச்சே எடுக்காதேங்கறா. அவன் கண்ணு கலங்கிருச்சு. "இல்லப்பா. உங்களைப் பாத்துச் சொல்றாங்க. என்னை விட்டுருங்கன்னு சொல்றாங்க"ன்னான். டேய், நாப்பத்திரெண்டு வருஷம்டா, எனக்குத் தெரியும்டா அந்த வார்த்தைன்னு கத்தினேன். திரும்பவும் சொன்னா. "விடு." அவ எப்பச் சொன்னாலும் அப்படித்தான், ரெண்டு தடவை சொல்லுவா. நான் உக்கார வெச்ச வேகத்துல அவ புஜத்துல இருந்து இன்னும் கையைக்கூட எடுக்கல, அதுக்குள்ள இவன் அர்த்தம் பண்ணிட்டான்.

சிஸ்டர், நீங்க சொல்லுங்கன்னு திரும்பினேன். சீனாக்காரங்க வித்தையெல்லாம் தெரிஞ்ச அம்மா, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லத் தெரியல.

அடுத்த வாரம் கார் வந்துச்சு. நான் என்ன சார் பண்ண முடியும்? பரீட்சையில பாஸாகி வேலை கிடைக்காதவன் மாதிரி நின்னேன். காரு கதவு சாத்தறப்பகூட நான் கீழ விழல. அவ்வளவு நிதானம் வந்துருச்சு உடம்புக்கு. அதை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது, சொல்லுங்க?

இப்ப ஒவ்வொரு வியாழக்கிழமையும் இந்த வண்டிதான். நல்லா வெச்சிருக்காங்க, பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் சதை போட்டிருக்கா. இடுப்புல ஒரு பெல்ட்டைக் கட்டி ரெண்டு பொண்ணுங்க சும்மா பக்கத்துல நிக்கறாங்க, இவளே இடது காலை ஊனி எழுந்திரிக்கறா. எங்கிட்ட இருந்தப்ப இந்த வித்தை ஏன் வரலைன்னு எனக்கு ஆத்திரம். அந்தப் பொண்ணுங்ககிட்ட, இவ 'விடு விடு'ன்னு சொல்றாளான்னு கேட்டேன். இல்லீங்க ஐயா, அம்மா வாயே தொறக்கறதில்லீங்களேங்கறாங்க. ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்துச்சு, அதையும் எனக்குன்னு வெச்சிருக்கா பாருங்க. வியாழக்கிழமை நான் போயி புஜத்தைத் தொட்டாத்தான் சொல்றா.

போன வியாழக்கிழமை நடந்ததைத்தான் உங்ககிட்ட கேக்கணும். நேரமாச்சு, கெளம்பறேன் பாக்கியம்னு எழுந்தேன். இடது கையை நீட்டினா. தண்ணியான்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, மணிக்கட்டை நீட்டறா. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து என் மணிக்கட்டை வெச்சேன். சுத்தினோம். அவ வந்தா, நான் போனேன். கொஞ்ச நேரம்தான். நாலரை வண்டியைப் பிடிக்கணுமேன்னு நான் கையை எடுக்கப் பாத்தேன். அவ விரலை மூடிட்டா. அந்த விளையாட்டுல பிடிக்கவே கூடாது சார், பிடிச்சா தோத்தோம். அவ பிடிச்சுட்டா. ஒத்தக் கையில அவ்வளவு பலமான்னு நான் அசந்துபோனேன். பிடிச்சுக்கிட்டு, என்னையே பாத்துக்கிட்டு, "விடு"ன்னா. "விடு, விடு"ன்னா. விரல் மட்டும் இறுகிக்கிட்டே போகுது. கடைசியில அந்தப் பொண்ணுங்க வந்துதான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தாங்க.

இந்தா, பாருங்க. வெளிச்சத்துல பாருங்க. அஞ்சு விரலும் தெரியுதா? ஒரு வாரம் ஆச்சு, இன்னும் மஞ்சளா நிக்குது.

நான் ரத்த மாத்திரை எதுவும் சாப்பிடறதில்ல சார்.

ம்.

சரி, சொல்லுங்க. இதான் கேள்வி. நீங்க தமிழ் படிச்சவங்க. கையைப் பிடிச்சுக்கிட்டே ஒருத்தி விடுன்னா, அதுக்கு என்ன அர்த்தம்? நான் பேச்சை விடுன்னு நெனச்சேன். பையன், 'என்னை விடு'ன்னு அவன் அம்மா சொல்றதா நெனச்சான். டாக்டர் அர்த்தமே கிடையாதுங்கறார். மூணுல எது? என்னது? செயப்படுபொருளா? விடுங்கறது வினை, எதை விடச் சொல்றாங்கன்னு அந்த வாக்கியத்துல இல்ல, அது இல்லாம அர்த்தம் சொல்ல முடியாதா? ஐயா சாமி, அதைத்தானே நானும் கேக்கறேன்! எதைன்னு அவளுக்குச் சொல்லத் தெரியல. எனக்குக் கேக்கத் தெரியல. உங்க இலக்கணத்துலயும் அதுக்கு வழி இல்லேன்னா நான் யார்கிட்டப் போயி கேப்பேன்?

அடடா, வாத்தலை வந்துருச்சு. கண்டக்டர் தம்பி, விசில் கொடுத்துராதே, ஆள் எறங்கணும்! பாருங்க, வண்டி நின்னதும் ஆரம்பிச்சுருச்சு பாருங்க ஆட்டம். வீட்டு ஹால்ல பதினாலு செகண்டு நின்னவன்தான், ஆனா இந்த ஊர்ல எறங்கறப்ப மட்டும் காலுக்குத் தரை அகப்பட மாட்டேங்குது. சார், தப்பா நெனைக்காதீங்க, உங்க கையைக் கொஞ்சம் கொடுங்க. இடது பக்கம். ஆங், அப்படித்தான். நான் கீழ ரெண்டு காலையும் ஊனிக்கறேன், ஊனிட்டுச் சொல்றேன், நான் விடுங்கன்னு சொல்றப்ப விடுங்க. ஒரு கால் வெச்சுட்டேன். இன்னொண்ணு. இருங்க.

இருங்க சார். நான் இன்னும் சொல்லலியே.